அப்பாவின் எடையும் வலிப்பு மாத்திரையின் அளவும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. பதினைந்து வருஷத்துக்கு முன்பு பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. அதிலிருந்து வலிப்பு நோய்க்கு எப்டாயின் தினமும் 300 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். சர்க்கரை, கிட்னி பிரச்சினை எதுவும் இல்லை. ஒன்றரை மாதத்துக்கு முன்பு மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனதில் வலிப்பு வந்துவிட்டது. மயங்கிக் கிடந்தவருக்குப் பக்கத்து வீட்டார் தண்ணீர் புகட்டியிருக்கிறார்கள். அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா. 22 நாள் ஆஸ்பத்திரி, அதில் ஆறு நாள் ஐ.சி.யூ. மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி விட்டார்கள். அங்கேயும் இரண்டு முறை வலிப்பு வந்ததால் மாத்திரையை 400 ஆக்கினார்கள். டிஸ்சார்ஜ் அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு 12, 'நார்மல்' என்றார்கள். ஆல்புமின் 2.4, குறைவாக இருக்கிறது, முட்டை வெள்ளைக்கரு கொடுங்கள் என்றார்கள். தினம் நான்கு கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வலிப்பு வரவில்லை. ஆனால் தள்ளாடி நடக்கிறார், பேச்சு குழறுகிறது, எந்நேரமும் தூங்கி வழிகிறார். 58 கிலோ இருந்தவர் இப்போது 50 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். காலையில் இரண்டு இட்லி, பதினொரு மணிக்கு இளநீர், மதியம் ஒரு சின்னக் கிண்ணம் ரசம் சாதம், சாயங்காலம் அரை டம்ளர் பால், ராத்திரி ரவைக் கஞ்சி, இவ்வளவுதான் இறங்குகிறது. கத்தரிக்காய், கருவாடு, மொச்சை எதுவும் ஆகாது என்கிறார் அத்தை. கீட்டோ சாப்பாட்டில் வலிப்பு அடியோடு போய்விடும் என்று தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். புரோட்டீன் பவுடர் வாங்கலாமா? ரிவ்யூ அடுத்த மாதம்தான். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புள்ள சகோதரி, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்று. அடுத்த மாத ரிவ்யூவுக்காகக் காத்திருக்காதீர்கள். நாளையோ மறுநாளோ அப்பாவை அவருடைய நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தள்ளாட்டம், குழறல், ஓயாத தூக்கம் இந்த மூன்றும் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த அசதியாக இருக்கலாம். ஆனால் எப்டாயின், அதாவது ஃபெனிட்டாயின் சாப்பிடும் ஒருவருக்கு இவை மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டதோ என்பதைத்தான். இன்று ராத்திரி அப்பாவின் முகத்துக்கு நேரே உங்கள் விரலை வைத்து மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். விரலைப் பின்தொடரும் கண் ஓரத்தில் நிலைக்காமல் துடித்துத் துடித்து ஆடினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். இரண்டு நாள் விட்டுப்போனதில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

'அளவு நார்மல் என்றார்களே' என்று கேட்பீர்கள். நான் டயட்டீஷியன், மருந்து எழுதுகிறவள் இல்லை. ஆனால் உங்கள் அப்பாவின் விஷயத்தில் சாப்பாடும் மருந்தும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தத்தில் ஓடும் ஃபெனிட்டாயினில் சுமார் 90 சதவீதம் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். டவுன் பஸ்ஸில் சீட்டுப் பிடித்து உட்கார்ந்தவர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும் மருந்து எந்த வேலையும் செய்யாது. சீட்டுக் கிடைக்காமல் நிற்கிற மீதி 10 சதவீதம்தான் இறங்கி மூளைக்குள் போய் வலிப்பைத் தடுக்கும்; கூடிப்போனால் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். ஆல்புமின் குறைந்தால் சீட்டு குறைகிறது, நிற்கிறவர்கள் கூடுகிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் வருவதோ உட்கார்ந்தவர், நிற்கிறவர் எல்லோரையும் சேர்த்த மொத்தக் கணக்கு. அந்த மொத்தம் 10 முதல் 20 வரை இருந்தால் நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். அந்த வரம்பு ஆல்புமின் சரியாக இருப்பவருக்கு வகுத்தது.

ஆல்புமின் குறைந்தவருக்கு இதைத் திருத்திப் பார்க்க ஷைனர்–டோஸர் என்று ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. ஆல்புமினை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டி, வந்த எண்ணால் ரிப்போர்ட்டில் உள்ள அளவை வகுக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 2.4-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.48, 0.1 சேர்த்தால் 0.58. 12-ஐ 0.58-ஆல் வகுத்தால் 20.7 வருகிறது. நார்மல் என்று சொன்ன 12, அப்பாவின் உடம்பில் கிட்டத்தட்ட 21 போல வேலை செய்கிறது என்று அர்த்தம். சூத்திரம் தோராயமானதுதான். ஒட்டாத மருந்தை மட்டும் தனியாக அளக்கும் பரிசோதனை பெரிய லேப்களில் உண்டு, அது இன்னும் துல்லியம். அது கிடைக்காவிட்டாலும் மொத்த அளவு, ஆல்புமின் இரண்டையும் ஒரே நாளில் எடுத்து டாக்டரிடம் காட்டினால் போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கலாம் என்று தோன்றுகிறது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சியோ பாலோ அடுத்தடுத்து விட்டுக்கொண்டிருக்கும்போது அதே குழாயில் ஃபெனிட்டாயினைக் கரைத்து விட்டால் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. 1980களிலிருந்தே தெரிந்த விஷயம் இது. அதனால்தான் மருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் குழாய்ச் சாப்பாட்டை நிறுத்தி வைப்பது வழக்கம். வார்டு பரபரப்பில் இது தவறிப்போவது சகஜம். அப்படித் தவறி, அளவு இறங்கி, வலிப்பு வந்து, அதனால் மாத்திரையை 400 ஆக்கியிருந்தால், குழாயை எடுத்து வாய்வழியாகச் சாப்பிட ஆரம்பித்ததும் அந்த 400 முழுசாக உள்ளே போகிறது. ஃபெனிட்டாயினுக்கு ஒரு விபரீதக் குணமும் உண்டு. ஒரு அளவைத் தாண்டினால் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. மாத்திரை கொஞ்சம் கூடினாலே ரத்தத்தில் அளவு எக்கச்சக்கமாக ஏறிவிடும். டிஸ்சார்ஜ் அன்று 12 இருந்தது மூன்று வாரம் கழித்தும் 12 ஆகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இது என் ஊகம்தான். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். 'குழாய்ச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தபோது டோஸ் கூட்டினார்கள், இப்போது குழாய் இல்லை' என்ற ஒரு வரியை மட்டும் மறக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

58 கிலோவில் 8 கிலோ என்றால் ஏறக்குறைய 14 சதவீதம். ஆறு மாதத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினாலே அதைக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று சர்வதேச அளவுகோல்கள் வகைப்படுத்துகின்றன. உங்கள் அப்பாவுக்கு இது ஒன்றரை மாதத்தில் நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் இளைக்கத்தான் செய்வார்கள் என்று நம் ஊரில் லேசாக எடுத்துக்கொள்கிறோம். அது அவ்வளவு லேசான விஷயம் இல்லை. 1974-இலேயே பட்டர்வொர்த் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றிக் காட்டமாக எழுதினார்: நோயாளியின் உயரமும் எடையும் கேஸ் ஷீட்டில் இல்லை, நாள் கணக்கில் வெறும் குளுக்கோஸ் ட்ரிப்ஸிலேயே வைத்திருக்கிறார்கள், டெஸ்டுக்கு டெஸ்ட் வெறும் வயிறு. ஐம்பது வருஷம் கழித்தும் எந்த வார்டுக்குப் போனாலும் இந்த மூன்றையும் பார்க்கலாம். 'ட்ரிப்ஸ் ஏறுதே, அப்புறம் எதுக்குச் சாப்பாடு' என்று வீட்டார் சொல்வதைக் கேட்காத நாளே எனக்கு இல்லை. 500 மில்லி குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 85 கலோரி. ஒன்றரை இட்லி.

சாப்பாட்டைக் கவனித்தால் நோயாளியின் கதி மாறுமா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில், ஊட்டச்சத்துக் குறையும் அபாயத்தில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆஸ்பத்திரிச் சாப்பாடு. மற்றதுக்கு, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம் என்று கணக்குப் போட்டு அது உள்ளே போகிறதா என்று டயட்டீஷியன் பின்னாலேயே நின்று பார்த்தார். 30 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் சுமார் 10 சதவீதம், இரண்டாவதில் 7 சதவீதம். 2019-இல் வெளிவந்த முடிவு இது. புது மருந்தோ கருவியோ கிடையாது. வித்தியாசம் முழுக்கச் சாப்பாட்டில். வலிப்பு நோயாளிக்கு இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அவர் சாப்பிடும் மாத்திரையின் அளவு அவருடைய எடை, ஆல்புமின், கல்லீரல் இவற்றைப் பார்த்து முடிவானது. உடம்பு மாறினால் மாத்திரையின் கணக்கும் மாறும். அதனால் எடை பார்க்கும் மெஷின் உங்கள் வீட்டில் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வாரம் ஒரு நாள், காலையில், ஒரே மாதிரி உடுப்போடு எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். தள்ளாட்டத்தில் நிற்க முடியாவிட்டால் தையல்காரர் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து எழுதுங்கள். ஆசிய ஆண்களுக்கு அது 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை கரைந்திருக்கலாம் என்று கணக்கு.

நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு இட்லி 120 கலோரி, இளநீர் 50, ரசம் சாதம் 150, சர்க்கரை போட்ட அரை டம்ளர் பால் 90, ரவைக் கஞ்சி 100, நான்கு வெள்ளைக்கரு 70. எல்லாம் சேர்த்து 600-ஐத் தொடவில்லை. அவருக்கு வேண்டியது கிலோவுக்கு 30 என்று வைத்தாலும் 1,500. புரதம் 60 முதல் 75 கிராம் வேண்டும். போவது 26 கிராம் அளவுக்குத்தான், அதிலும் பாதிக்கு மேல் வெள்ளைக்கருவிலிருந்து. ஆறு பேர் சுற்றி நின்று கவனித்தும் அவர் அரைப்பட்டினிக்கும் கீழே இருக்கிறார். உங்கள் மீது குறை சொல்லவில்லை. 'லேசான சாப்பாடு கொடுங்க' என்று சொல்லி அனுப்பியவர்கள் எவ்வளவு என்று சொல்லி அனுப்பவில்லை.

வெள்ளைக்கரு விஷயம் எனக்குத் தீராத வருத்தம். ஆல்புமின் குறைவு என்றதும் வெள்ளைக்கரு என்று ஏனோ எழுதாத சட்டமாகிவிட்டது. முட்டையில் இருப்பதும் ஒருவகை ஆல்புமின்தான், ஆனால் அது அப்படியே போய் ரத்தத்தில் சேராது. ரத்தத்து ஆல்புமினைச் செய்வது கல்லீரல். நிமோனியா மாதிரி பெரிய தொற்று வந்தால் கல்லீரல் அதை ஒதுக்கிவிட்டுக் கிருமியோடு சண்டை போடும் வேறு புரதங்களைச் செய்யப் போய்விடும். ரத்தக் குழாயிலிருந்தும் ஆல்புமின் வெளியே கசியும். அதனால்தான் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குக்கூட ஐ.சி.யூ.வில் நாலைந்து நாளில் ஆல்புமின் இறங்கிவிடுகிறது. தொற்று அடங்கினால் மெல்ல ஏறும். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமினில் பாதி தீரவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். இன்று சாப்பிட்டு நாளை ஏறும் சமாசாரம் இல்லை. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை, கல்லீரலுக்கு மூலப்பொருள் வேண்டுமே. ஆனால் மொத்தக் கலோரி 600 ஆக இருக்கும்போது கொடுக்கிற புரதத்தில் பெரும்பகுதியை உடம்பு அடுப்பெரிக்கத்தான் எடுத்துக்கொள்ளும், தசை கட்ட மிஞ்சாது.

அந்த நான்கு மஞ்சள் கருவையும் யார் சாப்பிடுகிறார்கள்? முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது. கலோரியில் முக்கால் பங்கும் அதிலேயே. வைட்டமின் டி, ஃபோலேட், பி12 எல்லாம் மஞ்சள் கருவில். பதினைந்து வருஷம் ஃபெனிட்டாயின் சாப்பிட்டவருக்குக் குறைந்திருக்கக்கூடியவை என்று நான் முதலில் நினைப்பது வைட்டமின் டியும் ஃபோலேட்டும். இந்த மருந்து கல்லீரலில் வைட்டமின் டியைச் சீக்கிரம் சிதைக்க வைக்கும். வருஷக் கணக்கில் எலும்பு நொய்ந்துபோகும். இப்போது அவர் தள்ளாடி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் அபாயம் சாதாரணமானவரைவிட அதிகம். நாளையிலிருந்து முழு முட்டை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கொலஸ்ட்ரால் கவலையை அவர் 58 கிலோவுக்குத் திரும்பிய பிறகு படலாம்.

ஆனால் ஃபோலேட் நல்லதுதானே என்று ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதிக அளவு ஃபோலிக் ஆசிட் ஃபெனிட்டாயினின் அளவை இறக்கி வலிப்பை வரவழைக்கலாம். டாக்டர் எழுதினால் எழுதிய அளவு மட்டும். கால்சியம் மாத்திரையும் ஜெலுசில் மாதிரி அமில மருந்தும் எப்டாயினோடு ஒன்றாகப் போகக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது வைட்டமின் டி, கால்சியம், பி12, ஃபோலேட் நான்கையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

புரோட்டீன் பவுடரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வாங்கினால் தப்பும் இல்லை, ஆனால் டப்பாவின் பின்னால் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். நிறையப் பவுடர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை, கூடவே வைட்டமின்களும் சேர்த்திருப்பார்கள். டாக்டரிடம் டப்பாவையே காட்டிவிடுவது நல்லது. 50 கிராம் பொட்டுக்கடலையில் 10 கிராம் புரதத்துக்கு மேல் இருக்கிறது. அதை மிக்ஸியில் நைசாக அரைத்து, பாலில் வெல்லத்தோடு கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் பவுடருக்குக் குறைந்ததில்லை.

எவ்வளவு கொடுத்தாலும் அவர் சாப்பிடும் அளவு சின்னக் கிண்ணம்தான் என்கிறீர்கள். அப்படியானால் கிண்ணத்தைப் பெரிதாக்க வேண்டாம், உள்ளே இருப்பதைக் கெட்டியாக்குங்கள். அதே இரண்டு இட்லியின் மேல் மிளகாய்ப்பொடியும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயும் ஊற்றினாலே 90 கலோரி கூடுகிறது. இளநீர் இடத்தில் பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி. மதியம் ரசம் சாதத்தை நிறுத்திவிட்டு, குழையப் பிசைந்த பருப்பு சாதம் நெய்யோடு, அதன் பிறகு நாலு வாய் தயிர் சாதம். மீன் சாப்பிடுவார் என்றால் முள்ளில்லாத துண்டு ஒன்று. மோர் வேண்டாம், தயிராகவே கொடுங்கள். நாலு மணிக்குப் பொட்டுக்கடலைப் பால், ஒரு வாழைப்பழம். ராத்திரி ரவைக் கஞ்சிக்குப் பதில் மெத்தென்ற தோசையோ இட்லியோ, சாம்பார், அந்த இரண்டாவது முட்டை. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இதில் முக்கால்வாசி இறங்கினாலே நாள் கணக்கு 1,300-ஐத் தாண்டிவிடும். முழுசும் இறங்கினால் 1,500-க்கு மேல். ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யாராவது கொண்டுவந்து கொடுக்கத்தான் போகிறார்கள். சூப்பில் தண்ணீரும் உப்பும் கொஞ்சம் கொழுப்பும்தான். அதைக் குடித்து வயிறு நிறைந்தால் அடுத்த வேளைச் சாப்பாடு போச்சு.

இதையெல்லாம் நாளைக்கே ஒரேயடியாகச் செய்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் அரைப்பட்டினியில் கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால், செல்கள் ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை சடாரென்று இறங்கினால் இதயம் தடுமாறும், மூச்சு வாங்கும். மக்னீசியம் மிகவும் இறங்கினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்த கைதிகளுக்கு விடுதலையானதும் சாப்பாடு போட்டபோது பலர் இப்படித்தான் விழுந்தார்கள். உங்கள் அப்பாவின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு, இப்போது 18.4, எடை இழப்பு 14 சதவீதம். இந்த இரண்டும் சேர்ந்தாலே எச்சரிக்கையாகப் போக வேண்டிய ஆள் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும். முதல் நாள் எண்ணெயும் முழு முட்டையும், அடுத்த நாள் சத்துமாவு, அதற்கடுத்து மதியச் சாப்பாடு என்று ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை டாக்டரிடம் போகும்போதே பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம், சோடியம் பார்த்துவிடச் சொல்லுங்கள். தயமின், அதாவது பி1 மாத்திரை சாப்பாட்டைக் கூட்டுவதற்கு முன்பே ஆரம்பிக்கலாமா என்றும் கேளுங்கள். இடையில் காலில் வீக்கமோ மூச்சிரைப்போ படபடப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

சாப்பிட மறுக்கிறார் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு டார்ச் எடுத்து அவர் வாயைப் பாருங்கள். ஃபெனிட்டாயின் வருஷக் கணக்கில் ஈறைத் தடிக்க வைக்கும். பல்லைப் பாதி மூடுகிற அளவுக்கு ஈறு வளர்ந்து, கடித்தால் ரத்தம் வரும் நிலையில் பலரைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது, அவரும் சொல்லியிருக்க மாட்டார். ஐ.சி.யூ.வில் வாய் காய்ந்து வெள்ளையாகப் பூஞ்சையும் படிந்திருக்கலாம். ஈறு அப்படி இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரைக்கும் காரம் குறைத்து மென்மையாகக் கொடுங்கள். மருந்து அதிகமானாலே பசி போகும், குமட்டும் என்பதும் இருக்கிறது. டோஸ் சரியானதும் பசி தானாகத் திரும்பினால் ஆச்சரியமில்லை.

விழுங்குவதையும் கவனியுங்கள். ஒருமுறை நுரையீரலுக்குள் போனவர், இப்போது தூக்கக் கலக்கத்திலும் இருக்கிறார். இருமல் எப்போது வருகிறது? தண்ணீர் குடிக்கும்போதா, சாதம் சாப்பிடும்போதா? விழுங்கிய பிறகு குரல் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் கரகரக்கிறதா? பெரும்பாலானவர்களுக்கு மெல்லிய திரவம்தான் தப்பிப் போகும். கெட்டிக் கஞ்சி நின்று இறங்கும். ரசம் சாதம் இதில் ரொம்ப மோசம். வாயில் சாதம் மெல்லப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ரசம் தனியாக ஓடித் தொண்டைக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, முழுசாக விழித்திருக்கும்போது மட்டும் கொடுங்கள். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க வேண்டாம். இருமல் தொடர்ந்தால் விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அடுத்த முறைக்குச் சொல்லிவையுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீரோ மாத்திரையோ ஸ்பூனோ வைக்காதீர்கள், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள்; ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலோ 108.

அத்தை சொல்கிற பத்தியத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. கத்தரிக்காயோ மொச்சையோ கருவாடோ வலிப்பைத் தூண்டாது. மொச்சை இப்போதைக்கு வாயுவாக இருந்தால் நாலு நாள் கழித்துக் கொடுங்கள், அவ்வளவுதான். உண்மையிலேயே ஒதுக்க வேண்டியவை வேறு: மது, வேளை தப்பிய சாப்பாடு, விரதம். கைவைத்தியம் என்று கற்பூரத்தை உள்ளுக்குக் கொடுப்பதும் கூடாது. வயிற்றுக்குள் போன கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

தம்பி அனுப்பிய வீடியோ முழுப் பொய் இல்லை, ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஆனதும் இல்லை. பட்டினி கிடந்தால் வலிப்பு அடங்குகிறது என்பதை வைத்து, பட்டினியின் விளைவைச் சாப்பாட்டிலேயே கொண்டுவர 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வைல்டர் உருவாக்கியதுதான் கீட்டோ உணவு. 1938-இல் ஃபெனிட்டாயின் வந்ததும், அதாவது அப்பா சாப்பிடும் அதே மருந்து வந்ததும், மெல்ல மெல்ல அதை ஓரங்கட்டிவிட்டார்கள். மருந்துகளுக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்காக 1990களில் மறுபடி எடுத்தார்கள். லண்டனில் 145 குழந்தைகளிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் கீட்டோ பிரிவில் 38 சதவீதம், சாப்பாட்டை மாற்றாத பிரிவில் 6 சதவீதம். டெல்லி எய்ம்ஸிலும் கொஞ்சம் தளர்த்திய கீட்டோவை நம் குழந்தைகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். கண்டிப்பான கீட்டோவில் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம். இட்லி, சாதம், பழம் எல்லாம் கிராம் கணக்கில் எடை போட்டுத்தான். டாக்டரும் டயட்டீஷியனும் கூடவே இருந்து, ரத்தம் பார்த்து, வைட்டமின் சேர்த்துச் செய்கிற சிகிச்சை அது. ஒரு மாத்திரையில் பதினைந்து வருஷம் கட்டுக்குள் இருந்தவருக்கு, இரண்டு நாள் மாத்திரை விட்டதால் வலிப்பு வந்தவருக்கு, 8 கிலோ இழந்து நிற்பவருக்கு அதை ஆரம்பிக்க எந்தக் காரணமும் இல்லை. தம்பிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றிருந்தால் மாத்திரை தீர்வதற்குப் பத்து நாள் முன்பே வாங்கி வைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

டாக்டரிடம் கேட்க இன்னும் ஒன்று. வலிப்பு மருந்துகள் சில பசியைக் கூட்டி எடையை ஏற்றும், வால்ப்ரோயேட் அப்படி. டோபிராமேட் பசியைக் குறைத்து இளைக்க வைக்கும். லெவெடிராசெட்டாம் எடையை அவ்வளவாகத் தொடாது, ஆல்புமினோடும் பெரிதாக ஒட்டுவதில்லை. இதற்காக மருந்தை மாற்றுங்கள் என்று அடம்பிடிக்க வேண்டாம், மாற்றுவதற்கும் அபாயம் உண்டு. ஆனால் மாற்றலாமா என்ற பேச்சு வந்தால் எடை இறங்கியிருப்பதும் ஆல்புமின் குறைந்திருப்பதும் அவர் கணக்கில் இருக்கட்டும்.

வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை ஏறினால் சரியாகப் போகிறது. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே காலையும் மாலையும் நடக்க விடுங்கள், நடக்காமல் சாப்பிட்டால் ஏறுவது தசையாக இருக்காது. எடை ஏறி ஆல்புமினும் ஏறும்போது மருந்தின் அளவை மறுபடி பார்க்க வேண்டிவரும், ஏனென்றால் சீட்டு கூடி நிற்கிறவர்கள் குறைவார்கள், கணக்கு அப்போது எதிர்ப்பக்கம் திரும்பும். நான்கு வாரத்திலும் எடை அசையவில்லை என்றால் நரம்பியல் டாக்டரோடு நிறுத்தாமல், அந்த மருத்துவமனையிலேயே டயட்டீஷியனையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது எடை நோட்டையும், மூன்று நாள் அவர் உண்மையில் சாப்பிட்டதை எழுதிய ஒரு தாளையும் எடுத்துப் போங்கள். கிண்ணத்தில் போட்டதை எழுத வேண்டாம், வயிற்றுக்குள் போனதை மட்டும் எழுதுங்கள்.